கீரிப்பாறையில் குருவிச் சத்தம், தேங்காய்ப்பட்டணத்தில் எலிக் கதை

மாமா வாழ்க்கையில் பாதியைக் கப்பலில் கழித்தவர். ஊருக்கு வந்து செட்டிலான பிறகும் ஓர் இடத்தில் உட்கார மாட்டார். மழை ஓய்ந்திருந்த ஒரு காலையில் "காளிகேசம் போவமா மக்கா" என்று கூப்பிட்டார், நாகர்கோவிலிலிருந்து பூதப்பாண்டி, திட்டுவிளை, தடிக்காரன்கோணம் வழியாகக் கிளம்பினோம்.

கீரிப்பாறைக்கு முன்னாலேயே அரசு ரப்பர் கழகத்தின் தோட்டங்கள் ஆரம்பித்துவிடும். நிழல் அருமை, ஆனால் எங்கே பார்த்தாலும் ஒரே மரம், பறவைச் சத்தம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. காட்டுப் பக்கம் போனதும் கதையே வேறு. குக்குறுவான் விடாமல் கத்துகிறது, கொண்டைக்குருவிகள் சண்டை போடுகின்றன, ஆற்றோரம் ஏதோ ஒன்று விசில் அடிக்கிறது (சீகாரப் பூங்குருவி என்று நான் சாதித்தேன், மாமா நம்பவில்லை). வண்டியை ஓரம் கட்டச் சொல்லிவிட்டு அவர் சொன்னார், "குவாம் காட்டுல இது ஒண்ணு கூடக் கேக்காது."

தொண்ணூறுகளின் கடைசியில் அவருடைய கப்பல் குவாமின் அப்ரா துறைமுகத்தில் நின்றிருக்கிறது. பசிபிக் கடலில் அமெரிக்காவின் கையில் இருக்கிற தீவு, பரப்பளவில் நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. துறைமுக வேலியெல்லாம் பாம்புப் பொறி, கப்பலில் ஏற்றுகிற சரக்கை மோந்து பார்க்க நாய்கள், கரண்ட் போனால் பாம்பு கம்பியில் ஏறிவிட்டது என்று அர்த்தம். மாமா பார்த்தது இவ்வளவுதான். மிச்சத்தை நான் பிறகு தேடித்தேடிப் படித்தேன், படிக்கப் படிக்கத் தூக்கம் போய்விட்டது.

அந்தப் பாம்பின் பெயர் பழுப்பு மரப்பாம்பு. நம் ஊர்ப் பூனைக்கண் பாம்புக்குப் பங்காளி முறை, ராத்திரியில் மரமேறி இரை தேடும், கொஞ்சம் விஷம் உண்டு. நியூகினியிலும் ஆஸ்திரேலியாவிலும் அது காலங்காலமாக இருக்கிறது, அங்கே யாரும் அதைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. இரண்டாம் உலகப் போர் முடிந்த சில வருஷங்களில் ராணுவச் சரக்கோடு சரக்காக குவாமுக்கு வந்திருக்கிறது. அந்தத் தீவுக்குச் சொந்தப் பாம்பு என்றால் மண்ணுக்குள் கிடக்கிற புழு மாதிரியான குருட்டுப் பாம்பு மட்டும்தான். அதனால் கூட்டுக்கு ஏறி வருகிற பாம்பைக் கண்டே பழக்கமில்லாத பறவைகள், உட்கார்ந்த இடத்திலேயே போயின. தீவின் 12 காட்டுப் பறவை இனங்களில் 10 காணாமல் போய்விட்டன.

எனக்கு இதில் பெரிய ஆச்சரியம், ரொம்ப நாள் யாருக்கும் காரணம் புரியாமல் இருந்ததுதான். பூச்சிமருந்து என்றார்கள், நோய் என்றார்கள். ஒரு பாம்பு ஒரு தீவையே காலி பண்ணும் என்று யார்தான் நம்புவார்கள்? ஜூலி சாவிட்ஜ் என்ற ஆராய்ச்சியாளர் ஒவ்வொரு சந்தேகமாகச் சோதித்துக் கழித்துக்கொண்டே போனார். பறவைகள் தெற்கிலிருந்து வடக்காக மறைந்த வழியும் பாம்பு பரவிய வழியும் ஒன்றுக்கொன்று பொருந்தின. 1987இல் அவர் கட்டுரை வெளிவந்தபோது பெரும்பாலான பறவைகள் போயாகிவிட்டது.

குருவிகள் போனதும் சிலந்திகள் பெருகின. மழைக்காலத்தில் பக்கத்துத் தீவுகளைவிட 40 மடங்கு வரை அதிகம் என்று 2012இல் எண்ணிச் சொல்லியிருக்கிறார்கள். பழம் தின்று விதை போட ஆளில்லாததால் சில மரங்களின் கன்றுகளும் குறைந்துவிட்டன. பாம்பு மரத்தைத் தொடவே இல்லை, ஆனாலும் காடு மாறுகிறது.

பாம்பைக் கொல்ல அவர்கள் கண்டுபிடித்த வழியைக் கேட்டு மாமா விழுந்து விழுந்து சிரித்தார். பாராசிட்டமால்! நாம் காய்ச்சலுக்குப் போடுகிற மாத்திரை 500 மில்லிகிராம், பாம்புக்கு 80 போதும். செத்த சுண்டெலிக்குள் மாத்திரையை வைத்து, காகித நாடா கட்டி, ஹெலிகாப்டரிலிருந்து போடுகிறார்கள், நாடா மரக்கிளையில் மாட்டிக்கொள்ளும், பாம்பு வந்து தின்னும். பறவைக் கூடுகளைக் காப்பாற்ற வழவழப்பான குழாயைக் கம்பத்தில் மாட்டினால், உடம்பைச் சுருக்குக் கயிறாகச் சுற்றிக்கொண்டு அதிலும் ஏறிவிட்டதாம். பாம்பு இப்படி ஏறும் என்று உலகத்துக்கே தெரிந்தது 2021இல்தான்.

வெளியிலிருந்து வந்ததெல்லாம் கெட்டது என்று நான் சொல்லவில்லை. வந்த வழியெல்லாம் பார்த்த ரப்பரே பிரேசில் சரக்குதான், பாதி மாவட்டம் அதில் சாப்பிடுகிறது. மரச்சீனியும் (மரவள்ளி) அந்தப் பக்கத்து வரவுதான். ஆனால் அவற்றைத் தெரிந்து கொண்டுவந்தார்கள். பாம்பை யாரும் கொண்டுவரவில்லை, அதுவாக ஏறிக்கொண்டது. தீவுகளுக்கு வந்த வினைகள் பலவும் இந்த வகைதான்.

மத்தியானம் தக்கலை, கருங்கல் தாண்டித் தேங்காய்ப்பட்டணம் வந்து சேர்ந்தோம். மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும், எரிவு கொஞ்சம் தூக்கல். கடையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் தூத்தூர்க்காரர், ஆழ்கடலில் சூரையும் சுறாவும் பிடிக்கிற தூண்டில் படகில் போகிறவர். குவாம் பவளத்துக்கும் பாம்புதான் வினையா என்று மாமா கேட்டதை வைத்துப் பேச்சு அவர் பக்கம் திரும்பியது. அந்தப் பழியைப் பாம்பின் மேல் போட முடியாது என்றேன். 2013க்கும் 2017க்கும் நடுவில் அங்கே கடல் திரும்பத் திரும்பச் சூடாகி, பவளம் வெளுத்து, கரையோர ஆழங்குறைந்த பவளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் செத்துப்போனது. அது சூட்டின் வேலை.

ஆனால் கரையில் திரிகிற விலங்கு கடலுக்குள் இருக்கிற பவளப்பாரைத் தொடும் என்பதற்குச் சாட்சி நமக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் இருக்கிறது. சாகோஸ் தீவுகள். அதில் பெரிய தீவான டீகோ கார்சியா என்றால் தூத்தூரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும், அங்கே பிடிபட்டுத் திரும்பிய படகுகள் உண்டு. அந்தக் கூட்டத்தில் சில தீவுகளில் பழைய கப்பல்களிலிருந்து இறங்கிய எலி இருக்கிறது, சிலவற்றில் இல்லை. முட்டையையும் குஞ்சையும் தின்கிற எலி இல்லாத தீவில் கடற்பறவைகள் மொய்க்கின்றன, அவற்றின் எச்சம் மழையில் கரைந்து கடலுக்குப் போகிறது, பாருக்கு அது உரம். 2018இல் வந்த ஆய்வில், எலி இல்லாத தீவை ஒட்டிய பாரில் மீனின் மொத்த எடை 48 சதவீதம் அதிகம்.

தூத்தூர்க்காரர் கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். "பறவை வட்டமடிக்கிற எடத்துல மீனு கெடக்கும்னு எங்களுக்குத் தெரியும். எலிக் கணக்கு இப்பத்தான் கேக்கேன்."

"உங்க போட்டுல எலி உண்டா?" என்றார் மாமா.

"இல்லாமலா? நைலான் கயிறைக் கடிச்சுப் போடும், அரிசிச் சாக்கைத் தொளைக்கும். ஒரு தடவை பூனையைக் கொண்டுபோனோம் அண்ணே. அது கடல்ல எறங்கின அன்னைக்கே வாந்தி எடுத்துச் சுருண்டது, எலி அதுக்க முன்னாலயே நடந்து போச்சு."

மாமா சாயாவை வைத்துவிட்டு, "பூனையை எந்தத் தீவுலயும் எறக்கி மட்டும் விட்டுராதடே. எலி முட்டையையும் குஞ்சையும் திங்கும், பூனை பெரிய தாய்ப்பறவையையும் பிடிக்கும்" என்றார்.

"எறக்கவா? அதுக்கு அடுத்த தடவை தொறைமுகம் வரைக்குமே அது வரல்ல."