பைபிள் வசனம் ஒட்டினால் போதுமா?

தங்கச்சிமடம், பாம்பன் பக்கம் பங்குப் பள்ளிகளில், அதாவது சர்ச் நடத்தும் பள்ளிகளில், வேலை பார்க்கும் டீச்சர்களுக்கு லீவில் ஒரு பயிற்சி நடந்தது, கிறிஸ்தவப் பார்வையில் பாடம் நடத்துவது எப்படி என்று. காலையில் பேசியவர் ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு வசனம் எழுதச் சொன்னார். கணக்குக்குக்கூட! எனக்கு ஒப்பவில்லை.

மதியம்தான் விஷயம் சூடு பிடித்தது. ஏதேன் தோட்டத்தைக் கடவுள் மனிதனிடம் கொடுத்தது பண்படுத்தவும் காக்கவும் என்று ஆதியாகமம் 2:15 சொல்கிறது; அப்படியானால் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளை 1986இல் தேசியப் பூங்காவாக்கியதையும், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் ஏன் கரையில் நிற்கின்றன என்பதையும் அறிவியல் வகுப்பிலேயே அந்தப் பொறுப்போடு பேசலாமே என்றார் ஒரு அக்கா. அந்த மீன்பிடித் தடைக்காலத்தில் வீட்டில் காசில்லாமல் ஃபீஸ் கட்டாத பிள்ளையை எழுப்பி நிற்கவைக்காமல் இருப்பதும் இதே பாடம்தான், அதைப் பயிற்சியில் யாரும் தொடவே இல்லை.

அப்புறம் சட்டம். பள்ளி நடத்தும் உரிமையைச் சிறுபான்மையினருக்கு அரசியலமைப்புச் சட்டத்தின் 30ஆவது பிரிவு தருகிறது, சரி. ஆனால் அரசு அங்கீகாரமோ உதவியோ பெறும் பள்ளியில் பெற்றோர் சம்மதம் இல்லாமல் ஒரு பிள்ளையை மதபோதனைக்கு உட்கார வைக்க முடியாது, அதே சட்டத்தின் பிரிவு 28(3) அதைத் தெளிவாகச் சொல்கிறது. எங்கள் வகுப்புகளில் இந்து, முஸ்லிம் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அடுத்த பயிற்சியை இதிலிருந்து ஆரம்பிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறோம்.