அ, ஆ, இ போட்டு ஒரு கேள்வி

அரசுப் போக்குவரத்துக் கழகத்தில் வணிகப் பிரிவில் இருந்தவர்களுக்கு 'எல்.ஏ.க்யூ.' என்றால் போதும், முகம் மாறிவிடும். சட்டமன்றப் பேரவையில் ஓர் உறுப்பினர் கொடுத்த கேள்வி கிளை அலுவலகத்துக்கு வந்திருக்கிறது என்று அர்த்தம். எப்போதும் மதியத்துக்கு மேல்தான் வரும். 'இன்று மாலைக்குள் பதில் தேவை' என்று தலையில் எழுதியிருக்கும்.

பேரவைச் செயலகத்திலிருந்து துறைக்கு, துறையிலிருந்து தலைமையகத்துக்கு, அங்கிருந்து மண்டலம், மண்டலத்திலிருந்து கிளை. இத்தனை படி இறங்கி வருவதற்குள் கேட்டவர் யார், எந்த ஊர்க்காரர்கள் போய்க் கேட்கச் சொன்னார்கள் என்பதெல்லாம் உதிர்ந்துபோய், 'அந்தத் தடத்தில் வசூல் என்ன?' என்பது மட்டும் மிஞ்சும். டிரிப் ஷீட்டை எடுப்போம். நடைக்கு எத்தனை டிக்கெட், கிலோமீட்டருக்கு என்ன வருமானம் என்று கணக்குப் போடுவோம். ஈ.பி.கே.எம். என்று அதற்குப் பெயர். குறைவாக இருந்தால் வாக்கியம் தயார்: 'போதிய பயணிகள் வருகை இல்லாததால் கூடுதல் பேருந்து இயக்க வேண்டிய அவசியம் எழவில்லை.' அந்த வாக்கியம் வந்த வழியே படியேறிப் போய், கோட்டையில் அமைச்சர் வாயிலிருந்து வெளியே வரும். பஸ் நேரத்துக்கு வராததால்தான் ஆள் ஏறுவதில்லை, ஆள் ஏறாததால்தான் வசூல் இல்லை என்பதை எழுத அந்தப் படிவத்தில் கட்டம் கிடையாது.

ஓய்வுபெற்ற பிறகு எல்லையோரத் தொகுதி ஒன்றின் எம்.எல்.ஏ. கூப்பிட்டார். எந்தத் தொகுதி, எந்தக் கட்சி என்பது இங்கே வேண்டாம். "பதில் எழுதத் தெரிஞ்ச ஆள்தாண்ணே கேள்வி எழுதணும், வந்துடுங்க" என்றார். போனேன்.

கும்மிடிப்பூண்டியில் தொடங்கி திருத்தணி, பள்ளிப்பட்டு, சோளிங்கர், காட்பாடி என்று போகிற இந்த ஆந்திர எல்லை ஒரு நேர்கோடு இல்லை. திருத்தணியும் பள்ளிப்பட்டும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி. ம.பொ.சி.யின் எல்லைப் போராட்டமும், எல்லைத் தகராறில் நடுவராக இருந்த படாஸ்கரின் பரிந்துரையும் எல்லோருக்கும் தெரிந்த கதை. கிராமத்தை அலகாக வைத்துப் பிரித்தார்கள். கிராமம் கிராமமாகப் பார்த்ததில் சாலையை யாரும் பார்க்கவில்லை போலிருக்கிறது. தமிழ்நாட்டு ஊரில் கிளம்பி இன்னொரு தமிழ்நாட்டு ஊருக்குப் போகிற சாலை, நடுவில் ஆந்திராவுக்குள் ஒரு எட்டுப் போய்விட்டு வரும். பொதட்டூர்பேட்டைத் தறிக்காரருக்கு நகரியில் சம்பந்தி இருப்பார். இரண்டு பக்கமும் தறிச் சத்தம் ஒன்றுதான். கிருஷ்ணாபுரம் அணையை அவர்கள் திறந்தால் கொசஸ்தலையில் வெள்ளம் வந்து பள்ளிப்பட்டுப் பக்கம் தரைப்பாலங்கள் மூழ்கும், பஸ் சுற்றிக்கொண்டு போகும். இதில் எந்தக் கேள்வியை எந்த அமைச்சரிடம் கேட்பது?

எம்.எல்.ஏ. அலுவலகத்தில் காலையில் வருகிற கூட்டம் பட்டா, உரிமைத் தொகை, காலேஜ் சீட்டு, இடமாற்றம் என்று வரும். அதற்கெல்லாம் கடிதம் போதும். கேள்வி வேறு சமாச்சாரம். நான் சேர்ந்தபோது அங்கே இருந்த பழைய கோப்பில் இருந்த வினாக்கள் எல்லாம் ஒரே அச்சு: 'இன்ன ஊருக்குப் பேருந்து இயக்க அரசு ஆவன செய்யுமா?', 'இன்ன ஊரில் ஆரம்ப சுகாதார நிலையம் அமைக்க அரசு முன்வருமா?' இப்படிக் கேட்டால் கீழே உட்கார்ந்திருப்பவனுக்கு எவ்வளவு நிம்மதி என்று எனக்குத் தெரியும். 'இல்லை' என்று ஒரு சொல், 'ஏனெனில்' என்று ஒரு வரி, வேலை முடிந்தது.

எல்லையை ஒட்டிய ஒரு கிராமத்தில் பஸ் இல்லை. பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு ஷேர் ஆட்டோவில் தொங்கிக்கொண்டு போனார்கள். முன்பே கேட்டு, முன்பே வந்த பதிலும் கோப்பில் இருந்தது: மாநிலங்களுக்கு இடையேயான ஒப்பந்தத்தில் அந்தத் தடம் இல்லை, எனவே இயலாது. ஒப்பந்தம் என்றதும் எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள். இரண்டு அரசுகள் உட்கார்ந்து பேச வேண்டிய விஷயமாயிற்றே.

எனக்கு அது உறுத்தியது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 88-ஆம் பிரிவில் ஒரு விதிவிலக்கு உண்டு. கிளம்பும் இடமும் சேரும் இடமும் ஒரே மாநிலத்தில் இருந்து, நடுவில் அடுத்த மாநிலத்துக்குள் வருகிற தூரம் 16 கிலோமீட்டருக்கு மேல் போகாவிட்டால், அந்த மாநிலத்தின் மேலொப்பம், அதாவது நம் பெர்மிட்டில் அவர்களும் போடும் கையெழுத்து, தேவையில்லை, நம் பெர்மிட்டே செல்லும். எம்.எல்.ஏ.வின் டிரைவர் தம்பியோடு பைக்கில் போய் மீட்டரைப் பார்த்தோம். ஆந்திராவுக்குள் வருவது நான்கு கிலோமீட்டருக்கும் குறைவு. நடுவில் ஒரு டீக்கடை, ஒரு மாந்தோப்பு, அவ்வளவுதான் அந்த 'இன்னொரு மாநிலம்'.

கேள்வியை இப்படி எழுதினேன்: (அ) இத்தடத்தில் ஆந்திர எல்லைக்குள் வரும் சாலையின் நீளம் எவ்வளவு? (ஆ) 88-ஆம் பிரிவின்படி இதற்கு ஆந்திராவின் மேலொப்பம் தேவையா? (இ) தேவையில்லையெனில் இதுவரை பேருந்து இயக்கப்படாததற்குக் காரணம் என்ன?

எம்.எல்.ஏ. படித்துப் பார்த்தார். "என்னண்ணே, பஸ் விடுங்கன்னு எங்கயுமே கேக்கலையே?"

"கேக்க வேணாம் சார். முதல்ல இதுக்குப் பதில் எழுதட்டும்."

அந்தக் கேள்வி அவையில் எடுக்கப்படவே இல்லை. 234 உறுப்பினர்கள், கேள்வி நேரம் ஒரு மணி நேரம். நம் முறை வருவது குதிரைக்கொம்புதான். ஆனால் கேள்வி வழக்கம்போலப் படி இறங்கிக் கிளைக்குப் போனது. போன அன்றே கிளை மேலாளர் போன் செய்தார். "அண்ணே, இத நீங்கதான எழுதினீங்க? (இ)-க்கு நான் என்னத்த எழுதுறது?" பாவம், அவர் எதை எழுதினாலும் மேலே இருப்பவர் கையெழுத்துப் போட வேண்டும், மேலே இருப்பவர் போட்டால் பழைய பதிலுக்கு விளக்கம் கேட்பார்கள். இந்தப் பதிலை எழுதுவதைவிட பஸ் விடுவது சுலபம் என்று அவர்களுக்கே பட்டிருக்க வேண்டும். பக்கத்து ஊரில் நைட் ஹால்ட் ஆகிற வண்டியைக் காலையில் ஒரு நடை இந்த வழியாகத் திருப்பினார்கள். பதிலில் (இ)-க்கு நேராக 'தற்போது இயக்கப்பட்டு வருகிறது' என்று வந்தது.

வெளியே இருந்து பார்ப்பவர்கள் கேள்வி நேரம் என்றால் அமைச்சரை மடக்குவது என்று நினைக்கிறார்கள். 2022 ஜனவரி 6 முதல் கேள்வி நேரம் நேரலையில் வருவதால் இந்த நினைப்பு கூடிப்போயிற்று. உறுப்பினர் எழுந்து தலைவருக்கு வாழ்த்துச் சொல்லிப் பாதி நேரம் போகும். துணை வினாவில் ஒருவர் பாலம் கேட்டால், அதே வாய்ப்பில் இன்னொருவர் "என் தொகுதியிலும்" என்று எழுவார். அமைச்சர் சிரித்துக்கொண்டே "உறுப்பினர் நேரில் வந்தால் பேசி முடிப்போம்" என்பார். மேசையைத் தட்டுவார்கள். அந்தக் காணொளித் துண்டு வாட்ஸ்அப்பில் சுற்றும், அதற்கும் ஒரு பயன் இருக்கத்தான் செய்கிறது. என் அனுபவத்தில் காரியம் நடப்பது கிளை அலுவலகத்தில் பதில் எழுத உட்கார்ந்தவன் பேனாவை வைத்துவிட்டு யோசிக்கும்போதுதான்.

சுகாதாரத் துறையில் இந்த வித்தை பாதிதான் பலித்தது. ஆரம்ப சுகாதார நிலையம் கேட்டால் சமவெளியில் 30,000 பேருக்கு ஒன்று, மலைப் பகுதியில் 20,000 பேருக்கு ஒன்று என்ற கணக்கைச் சொல்வார்கள். எங்கள் ஊர்கள் சமவெளியில் வரும். தலை எண்ணினால் தேறாது. சரி, அதை விட்டுவிட்டு 108-ஐப் பிடித்தேன்.

எல்லையில் செல்போன் எந்த டவரைப் பிடிக்கும் என்று சொல்ல முடியாது. 108 அடித்தால் தெலுங்கில் பேசுவார்கள். ஊர் பெயரைச் சொன்னால் அது எங்கள் மாநிலம் இல்லையே என்பார்கள். அதனால் ஊரில் ஒரு ஏற்பாடு: திருத்தணியில் இருக்கிற மச்சானுக்கோ மாமனுக்கோ போன் போட்டால் அவர் அங்கிருந்து 108-க்குச் சொல்லுவார். எத்தனை அழைப்புகள் இப்படி ஆந்திரக் கட்டுப்பாட்டு அறைக்குப் போயின என்று கேட்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். நம் கட்டுப்பாட்டு அறைக்கு வராத அழைப்புக்கு நம் அரசிடம் கணக்கு எப்படி இருக்கும்? 'அத்தகைய புகார் ஏதும் பெறப்படவில்லை' என்று நானே பதில் எழுதிவிடுவேன். கடைசியில், எல்லையோர ஒன்றியங்களில் அழைப்பு மாறிப்போனால் மாற்றிவிட இரண்டு மாநிலங்களுக்கும் இடையே என்ன நடைமுறை இருக்கிறது என்று மட்டும் கேட்டோம். பதில் இன்னும் வரவில்லை.

இதன் வால்தான் பிறப்புச் சான்று. அவசரத்துக்கு எல்லை தாண்டி அங்குள்ள அரசு ஆஸ்பத்திரியில் பிரசவம் ஆகிவிட்டால், 1969-ஆம் ஆண்டுச் சட்டப்படி பிறந்த இடத்தில்தான் பதிவு. ஒரு பாட்டி பேத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு அந்தத் தாளை நீட்டினார். மேலே தெலுங்கு, கீழே ஆங்கிலம். "நைனா, முத்துலட்சுமி பணம் ரெண்டாவது தவணையிலயே நின்னுபோச்சு, கேட்டா இந்தக் காகிதம் செல்லாதுங்கறாங்க. கொழந்த எங்க பொறந்தா என்ன, நாங்க குந்தியிருக்கறது இங்கதானே?" டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் மொத்தம் 18,000 ரூபாய், அந்தக் குடும்பத்துக்கு அது சின்னத் தொகை இல்லை. இதைக் கேள்வியாக்க ஒரு வசதி, தமிழ்நாட்டில் பிறப்பு இறப்புப் பதிவும் பொது சுகாதாரத் துறையிடமே இருப்பது. ஒரே அமைச்சரிடம் கேட்கலாம், 'இது எங்கள் துறை சார்ந்ததல்ல' என்று தள்ள முடியாது. அந்த வினா எழுத்து மூலப் பதிலுக்குப் போயிருக்கிறது. பாட்டியின் மருமகளுடைய காகிதங்களை நகலெடுத்து கோப்பில் வைத்திருக்கிறேன், பதிலைப் பார்த்து அடுத்த கேள்வி எழுத வேண்டிவந்தால் கையில் இருக்கட்டும் என்று.

அடுத்த கூட்டத்தொடருக்கு அந்தக் கிராமத்து பஸ்ஸையே மறுபடி எடுத்திருக்கிறோம். காலையில் போகிற பிள்ளைகள் சாயங்காலம் இன்னும் ஷேர் ஆட்டோவில்தான் திரும்புகிறார்கள். காலை நடையில் எத்தனை மாணவர்கள் பஸ் பாஸில் போகிறார்கள், அவர்கள் எந்தப் பேருந்தில் வீடு திரும்புவதாகக் கழகம் கருதுகிறது என்று (அ), (ஆ) எழுதி முடித்திருந்தேன். எம்.எல்.ஏ. வாங்கிப் பார்த்துவிட்டுத் தன் கையாலேயே கீழே '(இ) மாலையிலும் பேருந்து இயக்க அரசு முன்வருமா?' என்று சேர்த்தார்.

"இது எதுக்கு சார்?" என்றேன்.

"ஊர்ல படிச்சுக் காட்டணும்ல அண்ணே" என்றார். சரி, இருக்கட்டும் என்று டைப் செய்ய அனுப்பிவிட்டேன்.