சென்னைக்குக் குடிவந்த பிள்ளைகளுக்கு எந்தப் பள்ளி?

கணவரின் வேலை மாற்றலில் சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு வந்தோம். வாடகை வீடு, கேஸ் இணைப்பு எல்லாம் சீக்கிரமே அமைந்தன. பிள்ளைகளின் படிப்புதான் முடிவாகாமல் இழுத்தது. அங்கே கல்வியாண்டு ஜனவரியில் தொடங்கும், இங்கே ஜூனில். மகள் தொடக்கநிலை நான்கை முடித்துவிட்டு வந்து நின்றபோது, இங்குள்ள பிள்ளைகள் அரையாண்டுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தார்கள்.

"சில வருஷத்துல திரும்பிடுவோம், ஆன்லைன்லயே அங்க உள்ள பாடத்தைப் படிக்கட்டுமே" என்றார் கணவர். நியாயமான பேச்சுதான். ஆனால் திரும்பிப் போகும் சிங்கப்பூர்ப் பிள்ளைகள் உயர்நிலைப் பள்ளியில் சேர எழுதும் எஸ்பெர்ஸ் தேர்வில் முக்கியமானவை ஆங்கிலமும் கணிதமும். அந்த இரண்டுக்காகப் பள்ளிக்கூடத்தையே திரைக்குள் கொண்டுபோக வேண்டுமா?

என்.ஐ.ஓ.எஸ். பற்றியும் விசாரித்தேன். 1989இல் தொடங்கிய மத்திய அரசின் திறந்தநிலைப் பள்ளி அது. வீட்டிலிருந்தே படித்துப் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதலாம், ஆனால் 14 வயது நிறைந்திருக்க வேண்டும். விளையாட்டிலோ இசையிலோ முழுமூச்சாக இருக்கும் பிள்ளைக்கு நல்ல வழி. மகனுக்கு இன்னும் அந்த வயது ஆகவில்லை.

அவன் கேட்டது கலப்பு முறை. சிங்கப்பூர் உயர்நிலைப் பள்ளிகளில் 2021 முதல் மாதத்துக்கு ஏறக்குறைய இரண்டு நாள் வீட்டிலிருந்து படிக்கும் வழக்கம் வந்தது. அவனுக்கு அது பிடித்திருந்தது. யோசித்துப் பார்த்தால், மற்ற நாட்களில் ஆசிரியரையும் நண்பர்களையும் நேரில் பார்த்ததால்தான் அந்த இரண்டு நாளும் நன்றாகப் போயின. மடிப்பாக்கத்தில் எங்கள் தெருவில் அவனுக்கு ஒருவரையும் தெரியாது. பள்ளிக்கும் போகாவிட்டால் இந்த ஊரில் யாரோடு பழகுவான்?

பக்கத்து வீட்டு அக்கா சொன்னதும் மனதில் நின்றது. "கோவிட்ல என் பையன் ஒண்ணாங்கிளாஸ் முழுக்க போன்லதான். எழுத்துக்கூட்டிப் படிக்கவே மூணாங்கிளாஸ் ஆயிடுச்சும்மா." தமிழ்நாட்டில் சின்ன வகுப்புகள் 2021 நவம்பர் 1ஆம் தேதிதான் திரும்பத் திறந்தன. அத்தனை மாதம் திரை முன்னால் உட்கார்ந்த பிள்ளைகளை இங்குள்ள பெற்றோர்கள் பார்த்திருக்கிறார்கள்.

சரி, நேரடி வகுப்புதான் என்று முடிவு செய்து, நடந்து போகும் தூரத்தில் ஒரு பள்ளியில் இருவரையும் சேர்த்தோம். வேனில் அலையும் நேரம் மிச்சமாகட்டும் என்று பெயர் பெற்ற பள்ளிகளை விட்டுவிட்டேன். ஆங்கிலமும் கணிதமும் மட்டும் வாரக் கடைசியில் ஆன்லைனில். மகளை ஐந்திலேயே உட்கார வைத்தார்கள். தமிழ்ப் பாடத்தில் செய்யுளும் இலக்கணமும் அவளுக்குக் கனமாகத்தான் இருக்கிறது. ஆனால் சாயங்காலம் தோழிகள் வாசலில் வந்து அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்.

வரப்போகிறவர்கள் பழைய பள்ளியை விட்டு விலகியதற்கான சான்றிதழையும் (டி.சி.) மதிப்பெண் அறிக்கைகளையும் கையோடு எடுத்து வாருங்கள். சேர்க்கையின்போது டி.சி. கேட்பார்கள். ஜூனில் சேர்க்க நினைத்தால் ஜனவரியிலேயே கேட்கத் தொடங்குங்கள். பல பள்ளிகளில் அப்போதே விண்ணப்பம் கொடுத்துவிடுகிறார்கள்.