கருவாட்டுத் தளத்தில் காய்ந்த புங்கங்கொட்டை

ராமநாதபுரம் மாவட்டத்தில் உப்பூருக்கும் ஆர்.எஸ்.மங்கலத்துக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் ஊர். வானம் பார்த்த பூமி, முண்டு மிளகாய்தான் பிழைப்பு. மழை தப்பினால் பண்ணைக்குட்டைத் தண்ணீரை 5 ஹெச்.பி. டீசல் இன்ஜின் வைத்து இறைத்துச் செடியைக் காப்பாற்றுவோம். மிளகாய்ப் பணத்தில் ஒரு பங்கு அந்த டீசலுக்கே போய்விடும். கண்மாய்க்கரை நெடுக நிற்கும் புங்க மரங்களில் காய் கொட்டி, மண்ணோடு மண்ணாக மக்குகிறது. அதிலிருந்து எரிபொருள் எடுத்துப் பார்ப்போம் என்று 2023 மாசியில் இறங்கினேன்.

ஊரில் யாரும் உடனே நம்பவில்லை, அதற்குக் காரணம் உண்டு. 2003இல் மத்திய திட்டக்குழுவின் குழு ஒன்று எரிபொருளுக்காகக் காட்டாமணக்கைப் பரிந்துரைத்த பிறகு, அது தண்ணீரே இல்லாமல் காய்க்கும் என்று ஊர் ஊராகப் பேச்சு கிளம்பியது. அப்பாவும் ஒரு ஏக்கர் வைத்தார். செடி சாகவில்லை, ஆனால் தண்ணீர் இல்லாமல் காய்ப்பும் இல்லை. விதையை வாங்கிக்கொள்வதாகச் சொன்னவர்கள் திரும்பி வரவே இல்லை. அதனால் இந்த முறை புதிதாக எதையும் நடக்கூடாது, நிற்கிற மரத்தில் கிடைப்பது போதும் என்று முடிவு செய்தேன். புங்கம் உவர் நிலத்தையும் தாங்கும், வேரில் தழைச்சத்தையும் சேர்க்கும். எண்ணெய் கசப்பு, சாப்பிட ஆகாது. ஆகவே யாருடைய சோற்றுக்கும் அது போட்டி இல்லை.

ஊராட்சியில் கேட்டுக்கொண்டு, அம்மாவும் சின்னம்மாவும் மதினியும் கீழே கொட்டிய காய்களைப் பொறுக்கினார்கள். தப்பு அதற்கப்புறம்தான் நடந்தது. மாசி, பங்குனியில் களம் முழுக்க மிளகாய். மிளகாய்தான் காசு, அதை நகர்த்தச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காயை பிளாஸ்டிக் சாக்கில் கட்டித் திண்ணையில் அடுக்கிவிட்டேன். சாயங்காலமானால் காற்றில் ஈரம் ஏறும் ஊர் இது. ஒன்றரை மாதம் கழித்துப் பிரித்தால் பூசண வாடை. இருந்தாலும் உடைத்து, 42 கிலோ கொட்டையை எடுத்துக்கொண்டு போனேன். நல்லெண்ணெய் ஆட்டும் செக்கில் கசப்பு ஒட்டிவிடும் என்று ஏற்றவில்லை, அது நியாயம்தான். பரமக்குடிப் பக்கம் வேப்பங்கொட்டை ஆட்டும் மில்லில் 11 லிட்டர் கிடைத்தது.

எண்ணெயை எரிபொருளாக மாற்ற மெத்தனால் என்ற ரசாயனம் வேண்டும். அதை நாமாக வாங்கி வைத்துக்கொள்ள முடியாது, உரிமம் வேண்டும். அது உயிரைக் குடிக்கிற விஷம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் நடந்ததற்குப் பிறகு அதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. வீட்டில் இதைச் செய்ய யாரும் நினைக்கவே வேண்டாம். உரிமம் உள்ள ஒரு கல்லூரி ஆய்வகத்தில், வேதியியல் ஐயா ஒருவர் மேற்பார்வையில்தான் எல்லாம் செய்தோம்.

அவர் முதலில் எண்ணெயின் அமிலத்தன்மையைப் பார்த்தார். 1 மில்லி எண்ணெயை ஆல்கஹாலில் கரைத்து, நிறம் மாறிக் காட்டும் பினாப்தலின் இரண்டு சொட்டு விட்டு, லிட்டருக்கு 1 கிராம் காஸ்டிக் சோடா கரைத்த தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக இறக்கினார். இளஞ்சிவப்பு நிறம் வந்து நின்றால் நிறுத்த வேண்டும். 3 மில்லிக்குள் நின்றால் நல்ல எண்ணெய். எங்களுடையது 11 மில்லி குடித்தது, அவ்வளவு அமிலம். அது காஸ்டிக்கோடு சேர்ந்தால் சோப்பாகிவிடும். “இது சோப்பாத்தான் போகும் தம்பி” என்றார். நான் கேட்டுக்கொண்டதால் அரை லிட்டரில் மட்டும் செய்து காட்டினார். மெத்தனாலும் காஸ்டிக்கும் சேர்ந்து உள்ளே போன கால் மணி நேரத்தில் ஜாடி முழுக்கக் கூழாக இறுகியது. கவிழ்த்தாலும் விழவில்லை. கந்தக அமிலம் சேர்த்து முன்கூட்டியே ஒரு சுற்று நடத்தி அமிலத்தைக் குறைக்க வழி உண்டு, ஆனால் செலவும் ஆபத்தும் கூடும். “கொட்டையை ஒழுங்கா காயவச்சுக் கொண்டு வாங்க, பாதி வேலை முடிஞ்சுது” என்றார். மிளகாயைச் சருகாகக் காயவைத்து விற்கும் வீட்டில் பிறந்தவன் நான். அன்று பஸ்ஸில் திரும்பும்போது அதுதான் மனதில் உறுத்திக்கொண்டே வந்தது.

அடுத்த வருஷம் களத்துக்கு வழி சொன்னது மதினி. அவர் பிறந்த ஊர் திருப்பாலைக்குடி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். நாட்டுப்படகு மீன் வந்தாலும் கருவாடு காயவைக்கும் சிமெண்ட் தளத்தில் பாதி காலியாகத்தான் கிடக்கும். கேட்டோம், கொடுத்தார்கள். தளத்தைக் கழுவிவிட்டு, காலை ஒன்பது மணிக்குப் பரப்பி, நாலு மணிக்கு ஈரக்காற்று ஏறும் முன் அள்ளினோம். ஐந்து நாள் வெயில். அப்பத்தா ஒரு காயைக் காதருகில் ஆட்டிப் பார்ப்பார். உள்ளே கொட்டை கலகலவென்று உருண்டால்தான் தடியால் அடித்து உடைக்க விடுவார். உடைத்த கொட்டையைப் பனையோலைப் பெட்டியில் போட்டுப் பலகைமேல் வைத்து, பத்து நாளுக்குள் ஆட்டிவிட்டோம்.

இந்த முறை 2.5 மில்லியிலேயே நிறம் நின்றது. 10 லிட்டர் எண்ணெய்க்கு 2 லிட்டர் மெத்தனால், 60 கிராம் காஸ்டிக். 60 டிகிரியில் ஒரு மணி நேரம் கலக்கி, ராத்திரி முழுக்க அசையாமல் விட்டோம். காலையில் அடியில் கரும்பழுப்பாகக் கிளிசரின், மேலே தேன் நிறத்தில் எரிபொருள். இரண்டுக்கும் நடுவில் கத்தியால் கீறியது போல ஒரு கோடு. அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன்.

அதைக் கழுவ எங்கள் ஊர் போர்த் தண்ணீர் ஆகாது; அதிலுள்ள சுண்ணாம்பு, மிச்சமிருக்கும் சோப்போடு சேர்ந்து கசடாகப் படியும். வீட்டுத் தொட்டியில் பிடித்து வைத்த மழைத்தண்ணீரைக் கேனில் கொண்டுபோய் மூன்று தடவை கழுவினோம். அப்புறம் ஈரம் போகச் சூடாக்கினோம்.

1 லிட்டருக்கு 4 லிட்டர் டீசல் என்று கலந்து இன்ஜினில் ஊற்றினேன். உடனே பிடித்தது. மூன்றாம் நாள் மூச்சு வாங்கி நின்றுவிட்டது. இந்த எரிபொருள் டேங்கில் படிந்த பழைய கசடையெல்லாம் கரைத்துக் கொண்டுவந்து பில்டரை அடைத்திருந்தது. பில்டர் மாற்றினேன், கசிய ஆரம்பித்த பழைய ரப்பர் குழாயையும் மாற்றினேன். அதற்குப் பிறகு தொந்தரவு இல்லை.

புண்ணாக்கு மாட்டுக்கு ஆகாது, மிளகாய்க் கொல்லைக்கு அடியுரமாகப் போட்டாயிற்று. இப்போது இன்னும் நாலு வீட்டில் காய் பொறுக்க வருகிறோம் என்கிறார்கள். தளத்துக்கு இந்தத் தடைக்காலத்துக்கும் சொல்லி வைத்திருக்கிறோம். பனையோலைப் பெட்டிகள்தான் போதாது, அப்பத்தா முடைந்துகொண்டிருக்கிறார்.