கார் உள்பக்கக் கலர் கோட்டிங்: ட்ரையல் பேனலுக்கும் வைவாவுக்கும் தயாராவது எப்படி?

ஐ.டி.ஐ.யில் 'மெக்கானிக் ஆட்டோ பாடி பெயின்டிங்' படிக்கிற தம்பிகள் சிலர், முடித்துவிட்டு கார் உள்பக்க வேலைக்குப் போகலாமா என்று கேட்கிறார்கள். தாராளமாகப் போகலாம். வெளுத்த டேஷ்போர்டு, தேய்ந்த டோர் பேட், பிசுபிசுக்கும் கைப்பிடி என்று பழைய கார் வந்துகொண்டிருக்கும் வரை வேலைக்குக் குறைவில்லை. ஆனால் ட்ரேட் டெஸ்ட்டில் பெரும்பாலும் வெளிப்பக்கத் தகடுதான் நாயகன். உள்பக்க வேலைக்கான உண்மையான பரீட்சை, வேலை கேட்டுப் போகிற ஒர்க்‌ஷாப்பில் நடக்கும். ஒரு பழைய டோர் பேடையோ கன்சோல் மூடியையோ கையில் கொடுத்து, "இதை அடிச்சுக் காட்டு" என்பார்கள். நாம் வேலை செய்யும்போதே பக்கத்தில் நின்று கேள்வியும் கேட்பார்கள், வைவா என்பது அந்த வாய்மொழிக் கேள்விகள்தான். நான் அப்படி ட்ரையல் கொடுத்துச் சேர்ந்தவன். இப்போது புதிதாக வருகிறவர்களுக்கு ட்ரையல் வைக்கும்போது நானும் கூட நிற்கிறேன். இரண்டு பக்கமும் இருந்து பார்த்ததைத்தான் எழுதுகிறேன்.

ஸ்ப்ரே கன்னைக் கையில் எடுப்பதற்குள் பாதி மார்க் முடிவாகிவிடும். வருகிற பையன்கள் பெரும்பாலும் கை வீச்சைக் காட்டத் துடிப்பார்கள். ஓரளவு பழகினால் கை வீச்சு எல்லோருக்கும் வந்துவிடும். உள்பக்க கோட்டிங் உரிந்து திரும்பி வருகிற கேஸ்களைப் பிரித்துப் பார்த்தால், அடித்த விதத்தில் குறை இருப்பது அபூர்வம். கீழே இருந்த பொருள் இன்னதென்று தெரியாமல் அடித்திருப்பார்கள், அல்லது அழுக்கின் மேலேயே அடித்திருப்பார்கள். அதனால் படிக்கிற நேரத்தையும் அந்த இரண்டுக்கும்தான் அதிகம் கொடுக்க வேண்டும்.

பேனலைக் கொடுத்ததும் முதலில் அதைத் திருப்பிப் பாருங்கள். திருப்புகிறானா என்றுதான் நாங்களும் கவனிப்போம். பின்பக்கத்தில் இரண்டு கூர்முனைக் குறிகளுக்கு நடுவே பிளாஸ்டிக்கின் பெயர் எழுத்துக்களில் அச்சாகியிருக்கும். ஐ.எஸ்.ஓ. 11469 என்ற தரநிலைப்படி போடுகிற குறி அது. பி.பி. என்றிருந்தால் பாலிபுரோப்பிலீன். ஏ.பி.எஸ். இன்னொரு வகை. 'பி.பி. + இ.பி.டி.எம். டி20' என்றிருந்தால் ரப்பர் கலந்து, 20 சதவீதம் டால்க் பவுடர் சேர்த்த பாலிபுரோப்பிலீன்.

இதில் முரண்டு பிடிப்பது பி.பி.தான். அதன் மேற்பரப்பு ஆற்றல் மிகக் குறைவு. எதையும் ஒட்ட விடாது. அதனால் கலருக்கு முன் அட்ஹீஷன் புரமோட்டர் கட்டாயம். அதில் குளோரின் ஏற்றிய பாலியோலிஃபின் இருக்கும். அது ஒரு பக்கம் பி.பி.யையும் மறுபக்கம் பெயின்ட்டையும் பிடித்துக்கொள்ளும். ஏ.பி.எஸ்.ஸுக்கு நேர் எதிரான பிரச்சினை. பெயின்ட் நன்றாகவே ஒட்டும், ஆனால் அசிட்டோனோ காரமான தின்னரோ பட்டால் பிளாஸ்டிக்கே இளகி வெடிப்பு விடும். நாம் ரெக்சின் என்று சொல்கிற பி.வி.சி. வளையும் தன்மை உள்ளது. அதன் மேல் சாதாரண என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயின்ட்டை அடித்தால் சீட்டில் ஆள் உட்கார்ந்து எழுந்ததும் கீறல் கீறலாக விட்டுவிடும். கூடவே வளைகிற ஃப்ளெக்ஸிபிள் கோட்டிங்தான் அதற்குச் சரி. கார்களில் வருகிற லெதரில் பெரும்பாலானவற்றுக்கு மேலே ஏற்கெனவே நிறமி கலந்த பாலியூரிதேன் பூச்சு இருக்கும். நாம் அடிப்பது அந்தப் பூச்சின் மேல்தான், தோலின் மேல் அல்ல.

குறி தேய்ந்து போயிருந்தால் என்ன செய்வாய் என்பது வழக்கமாக வரும் கேள்வி. பின்பக்க விலாவிலிருந்து ஒரு சிறு துணுக்கைச் செதுக்கித் தண்ணீரில் போட வேண்டும். பி.பி.யின் அடர்த்தி சுமார் 0.9, அதனால் மிதக்கும். ஏ.பி.எஸ். சுமார் 1.05, மூழ்கும். இதோடு நிறுத்தினால் பாதி பதில்தான். டால்க் 20 சதவீதம் சேர்ந்த பி.பி.யும் கிட்டத்தட்ட 1.05 வந்துவிடும், அதுவும் மூழ்கும். மிதந்தால் புரமோட்டர் வேண்டும் என்பது நிச்சயம், மூழ்கினால் வேண்டாம் என்று மட்டும் முடிவு கட்டக் கூடாது என்று சொல்கிற பையனை மறுகேள்வி கேட்காமல் அடுத்த கட்டத்துக்கு அனுப்பிவிடலாம்.

பிசுபிசுக்கிற பாகத்தையும் சில இடங்களில் வேண்டுமென்றே கொடுப்பார்கள். கைக்கு மெத்தென்று இருக்கட்டும் என்று கம்பெனியிலேயே அடித்த சாஃப்ட் டச் கோட்டிங், வெயிலும் ஈரப்பதமும் சேர்ந்து வருடக்கணக்கில் தாக்கியதில் சிதைந்து பசையாகிவிடும். அதன் மேல் எந்தக் கோட்டிங் அடித்தாலும் பசையோடு சேர்ந்து கழன்று வரும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் துணியில் நனைத்து, அடியிலுள்ள கெட்டி பிளாஸ்டிக் தெரியும் வரை அதைத் துடைத்தே எடுக்க வேண்டும். பொறுமையைச் சோதிக்கிற வேலை. கொடுப்பதும் அதற்காகத்தான்.

அடுத்தது சிலிக்கான். டேஷ்போர்டு பளபளக்க வேண்டும் என்று பூசுகிற பாலிஷ்கள் பலவற்றில் சிலிக்கான் எண்ணெய் இருக்கும். அது பேனலின் புள்ளிப் பள்ளங்களில் போய் உட்கார்ந்துகொள்ளும். மேலே பெயின்ட் விழுந்ததும் அங்கங்கே விலகி, மீன் கண் போல் வட்டக் குழி விழும். அதற்குப் பெயரே ஃபிஷ் ஐ. குழி விழுந்த பிறகு மேலே மேலே அடித்து மூட முடியாது. துடைத்து எடுத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

சுத்தம் செய்கிற வரிசை இது. பாத்திரம் கழுவுகிற லிக்விட் கலந்த தண்ணீரில், மென்மையான பிரஷ்ஷால் எல்லாத் திசையிலும் தேய்த்துக் கழுவிக் காய வைக்க வேண்டும். பிறகு மெழுகு, கிரீஸ் எடுக்கிற கிளீனர். நனைந்த துணியால் ஒரே திசையில் துடைத்து, அது காய்வதற்குள் இன்னொரு காய்ந்த துணியால் எடுத்துவிட வேண்டும். ஒரே துணியை முன்னும் பின்னும் தேய்த்தால் எண்ணெயை இடம் மாற்றி வைத்ததுதான் மிச்சம். அப்புறம் சாம்பல் நிற ஸ்காட்ச் பிரைட்டால் லேசாகத் தேய்த்துப் பளபளப்பை எடுக்க வேண்டும். இந்த இடத்தில் உப்புத்தாளைத் தொடுகிறவர்கள் நிறையப் பேர். தகட்டு வேலையில் வந்த பழக்கம் அது. இங்கே தொட்டால் பேனலில் வார்த்திருக்கும் புள்ளி டிசைன் மழுங்கிவிடும், திரும்ப வராது. தேய்த்து முடித்ததும் கிளீனரால் இன்னொரு முறை துடைக்க வேண்டும்.

சுத்தமாகிவிட்டதா என்று பார்க்கத் தண்ணீர் தெளிப்பது தகட்டு வேலையில் எல்லோருக்கும் தெரிந்த சோதனை. தண்ணீர் படலமாகப் பரவினால் சுத்தம், முத்து முத்தாக நின்றால் எண்ணெய் இருக்கிறது. எங்கள் ஒர்க்‌ஷாப்பில் சமீபத்தில் வந்த ஒரு பையனிடம் மாஸ்டர் அங்கேதான் கொக்கியைப் போட்டார்.

"என்னப்பா, இவ்வளவு தேய்ச்ச. இன்னும் தண்ணி முத்து முத்தாத்தானே நிக்குது?"

பையன் பேனலைத் திருப்பி மறுபடி குறியைப் பார்த்தான். "இது பி.பி. மாஸ்டர். சுத்தமா இருந்தாலும் தண்ணி இப்படித்தான் நிக்கும்."

"அப்ப சுத்தமாச்சுன்னு எப்படிச் சொல்ற?"

"வெள்ளைத் துணியில அழுக்கு வரல. ஓரத்துல கண்ணுக்குத் தெரியாத இடத்துல புரமோட்டரும் கலரும் லேசா அடிச்சுப் பார்க்கிறேன். குழி விழலைன்னா மேல போறேன்."

மாஸ்டர் ஒன்றும் சொல்லாமல் கம்ப்ரஸரைப் போட்டுவிட்டார்.

அடிக்கிற கட்டத்துக்கு வருவோம். இதைப் படித்து வர முடியாது, பழகித்தான் வர வேண்டும். சென்னையில் இருப்பவர்களுக்குப் புதுப்பேட்டையின் பழைய பாகக் கடைகளில் ஒடிந்த டோர் பேடுகள் கிடைக்கும். மற்ற ஊர்களில் உடைப்புக் கடைகளைப் பாருங்கள். வாங்கும்போது வழவழப்பானதை விட்டுவிட்டு, புள்ளி டிசைனும் கைப்பிடிக் குழியும் உள்ளதாகப் பார்த்து எடுங்கள். சமதளத்தில் பழகியவன் ட்ரையலில் குழியைப் பார்த்ததும் திணறுவான்.

ஸ்ப்ரே கேனாக இருந்தால் உள்ளே குண்டு சத்தம் வந்த பிறகும் ஒரு நிமிடமாவது குலுக்குங்கள். 20 முதல் 25 செ.மீ. தூரம். பேனலுக்கு வெளியே அழுத்த ஆரம்பித்து, வெளியே போன பிறகு விடுங்கள். ஒவ்வொரு வீச்சும் முந்தைய வீச்சில் பாதியை மூட வேண்டும். குழி, ஓரம், மடிப்புகளை முதலில் முடித்துவிட்டுச் சமதளத்துக்கு வாருங்கள். முதல் கோட்டில் பழைய நிறம் தெரியத்தான் வேண்டும், சாரல் போட்ட மாதிரி இருந்தால் போதும். அதன் ஈரப் பளபளப்பு மங்கிய பிறகு அடுத்தது. மூன்று நான்கு மெல்லிய கோட்டில் நிறம் நிரம்பிவிடும். புள்ளி டிசைன் உள்ள பேனலில் ஒரே பக்கமிருந்து அடித்தால், ஒவ்வொரு புள்ளியின் மறுபக்கத்திலும் பழைய நிறம் ஒளிந்திருக்கும். நேரே நின்று பார்த்தால் தெரியாது. பேனலை எதிர்ப்பக்கம் திருப்பி டியூப் லைட்டுக்குச் சாய்த்துப் பிடித்தால் சாம்பல் பூத்த மாதிரி தெரியும். அதனால் ஒரு கோட்டு இடமிருந்து வலம் என்றால் அடுத்தது மேலிருந்து கீழ். பரிசோதிக்கிறவர்களும் பேனலை அப்படிச் சாய்த்துத்தான் பார்ப்பார்கள்.

புரமோட்டர் அடித்த பிறகு எவ்வளவு நேரத்துக்குள் கலர் போட வேண்டும் என்று கேனிலேயே எழுதியிருக்கும். ஒவ்வொரு பிராண்டுக்கும் அது மாறும். சிலவற்றில் ஈரமாக இருக்கும்போதே போட வேண்டும், சிலவற்றில் கொஞ்சம் காயவிட வேண்டும். மனப்பாடம் செய்த நேரத்தைச் சொல்லாமல் கேனைத் திருப்பி லேபிளைப் படித்தால் நல்ல பெயர்தான்.

ஷீன், அதாவது பளபளப்பின் அளவு பற்றிய கேள்வியும் நிச்சயம் வரும். டேஷ்போர்டின் மேல்பகுதிக்கு மேட் ஃபினிஷ்தான். பளபளவென்று அடித்துக் கொடுத்தால் வெயிலில் அதன் பிம்பம் முன்கண்ணாடியில் விழுந்து டிரைவருக்கு ரோடு தெரியாது. வாடிக்கையாளர் பளபளப்பு கேட்டாலும் இதைச் சொல்லிப் புரிய வைக்க வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகையில் ட்ரையல் அமைந்தால் வானத்தையும் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள். லாக்கர் வகைக் கோட்டிங்கில் சால்வென்ட் (பெயின்ட்டைக் கரைத்து வைத்திருக்கும் திரவம்) வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது. காற்றில் ஈரம் அதிகமிருந்தால் அது பரப்பில் படிந்து, கறுப்புப் பேனல் வெள்ளையாகப் பூத்துவிடும். பிளஷிங் என்பார்கள். மெதுவாக ஆவியாகிற ரிடார்டர் தின்னர் சேர்ப்பது ஒரு வழி. மழை ஓயும் வரை நிறுத்தி வைப்பது இன்னொரு வழி. "இன்னைக்கு ஈரம் அதிகம், கொஞ்சம் பொறுத்து அடிக்கலாமா?" என்று கேட்பதால் யாரும் மார்க்கைக் குறைக்கப் போவதில்லை.

தியரிக்கு நான் படித்த விதத்தைச் சொல்கிறேன். ட்ரேட் தியரியில் தேறுவதற்கு 33 சதவீதம் போதும், பிராக்டிகலுக்கு 60 வேண்டும். அதனால் பலர் தியரியை ஒப்புக்குப் படிக்கிறார்கள். ஆனால் ட்ரையலில் கேட்கிற கேள்வி எல்லாம் தியரிதான். ஒரு நோட்டில் குறை, எப்படித் தெரியும், ஏன் வந்தது, இப்போது என்ன செய்வது என்று நான்கு கட்டம் போட்டேன். ஃபிஷ் ஐ, ஆரஞ்சு பீல் (ஆரஞ்சுத் தோல் போன்ற மேடுபள்ளம்), டிரை ஸ்ப்ரே (பெயின்ட் காய்ந்து விழுந்து சொரசொரப்பாவது), வழிதல், பிளஷிங், உரிதல் எல்லாவற்றையும் அதில் என் வார்த்தையில் எழுதினேன். புத்தக வாக்கியத்தை ஒப்பித்தால் இரண்டாவது கேள்வியிலேயே மாட்டிக்கொள்வோம்.

ஒட்டுதல் சோதனையில் எல்லோரையும் குழப்புகிற ஒன்று உண்டு. பிளேடால் குறுக்கும் நெடுக்கும் கட்டம் கீறி, டேப் ஒட்டிப் பிய்த்துப் பார்க்கிற கிராஸ் கட் டெஸ்ட் அது. ஐ.எஸ்.ஓ. 2409 முறையில் பக்கத்துக்கு 6 கோடு, மொத்தம் 25 கட்டம். எதுவும் உரியாவிட்டால் கிரேடு 0, அதுதான் சிறந்தது. அமெரிக்காவின் ஏ.எஸ்.டி.எம். டி3359 முறையில் தலைகீழ். அங்கே 5பி சிறந்தது, 0பி மோசம். எண்ணை மட்டும் சொல்லாமல் எந்தத் தரநிலை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். தொட்டால் ஒட்டாத நிலை சீக்கிரம் வந்துவிடும், முழு உறுதி வரச் சில நாள் ஆகும். அடித்து முடித்த கையோடு நகத்தால் சுரண்டிப் பார்க்கச் சொன்னால், இன்னும் ஆறவில்லை என்று சொல்லிவிடலாம்.

மாஸ்க் விஷயத்தில் கூச்சப்படாதீர்கள். கைக்குட்டையும் சர்ஜிக்கல் மாஸ்க்கும் சால்வென்ட் ஆவியைத் தடுக்காது, கார்ட்ரிட்ஜ் வைத்த ரெஸ்பிரேட்டர் வேண்டும். ஹார்டனர் கலக்கிற டூ-கே கோட்டிங் என்றால் அதில் ஐசோசயனேட் இருக்கும், ஆஸ்துமாவே வரலாம். அதற்கு வெளிக்காற்றைக் குழாயில் கொண்டுவருகிற மாஸ்க்தான் பாதுகாப்பு. காருக்குள் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டு கேன் அடிக்கிறவர்களை இன்னமும் பார்க்கிறேன். மூச்சு ஒருபக்கம் இருக்கட்டும், ஒரு பொறி பட்டால் போதும். முடிந்தவரை பாகத்தைக் கழற்றி வெளியே வைத்து அடியுங்கள்.

கடைசியாக, சில ஒர்க்‌ஷாப்களில் ட்ரையல் பேனல்களோடு ஸ்டீயரிங்கின் நடுமூடியையும் கலந்து வைத்திருப்பார்கள். ஏர்பேக் எழுத்து இருக்கிற மூடி. டேஷ்போர்டில் பக்கத்து சீட்டுக்கு நேரே இருக்கிற மூடியும் அதே வகைதான். ஏர்பேக் விரியும்போது கிழிவதற்கென்றே உள்பக்கம் மெல்லிய கோடு வைத்துச் செய்த பாகங்கள் அவை. மேலே ஏற்றுகிற கோட்டிங் அந்தக் கிழிசலைக் கெடுக்கலாம், விரிகிற வேகத்தில் துண்டாகப் பெயர்ந்து முகத்திலும் அடிக்கலாம். சீட் பெல்ட் நாடாவும் இதே கணக்கு. சாயமோ சால்வென்ட்டோ பட்டால் நூலின் வலு குறையக்கூடும். இவற்றைக் கொடுத்து அடிக்கச் சொன்னால், "இதை அடிக்க மாட்டேன் மாஸ்டர், மாத்தத்தான் வேணும்" என்று தனியாக எடுத்து வையுங்கள். ஏன் என்று கேட்பார்கள். காரணத்தைச் சொல்லிவிட்டு அடுத்த பேனலை எடுங்கள்.