பேஸ் கிடார் நெக் படுத்திய பாடு

போல்ட்-ஆன் நெக் (பாடியோடு ஸ்க்ரூவால் மாட்டிய கழுத்து) உள்ள பேஸில் ஷிம் (கோணத்தை மாற்ற நெக்குக்கு அடியில் வைக்கும் மெல்லிய துண்டு) வைப்பதைப் பற்றி யாரிடம் கேட்டாலும் "ஒரு விசிட்டிங் கார்டை வெட்டி உள்ளே வை, வேலை முடிஞ்சது" என்பார்கள். என் பேஸிலும் கிட்டத்தட்ட அதைத்தான் செய்தார்கள், காசு வாங்கிக்கொண்டு. ஐப்பசி மழை பிடிப்பதற்குள் நெக்குக்கு மேல் ஸ்ட்ரிங் நிற்கும் உயரம், அதாவது ஆக்‌ஷன் மறுபடி ஏறிவிட்டது. என்னை அலைக்கழித்தது ஷிம் இல்லை, அதைச் சுற்றி இருக்கிற நான்கு ஸ்க்ரூக்கள்தான். அதனால் ஷிம் எவ்வளவு கனம் இருக்க வேண்டும் என்று மண்டையை உடைத்துக்கொள்வதற்கு முன்னால் ஸ்க்ரூக்களைக் கழற்றிப் பார்த்துவிடுங்கள்.

பேஸ் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. பி-பேஸ் (ஃபெண்டரின் பிரிசிஷன் பேஸ்) வடிவம், 34 இன்ச் ஸ்கேல் (ஸ்ட்ரிங்கின் அதிரும் நீளம்), மேப்பிள் நெக். சத்தம் பிடித்துப்போய் வாங்கினேன். ஆனால் 12-ஆவது ஃப்ரெட்டில் (நெக்கில் குறுக்கே பதித்த கம்பி) ஈ ஸ்ட்ரிங் 4 மி.மீ. உயரத்தில் நின்றது. சாடில்கள் (பிரிட்ஜில் ஸ்ட்ரிங்கைத் தாங்கும், ஏற்றி இறக்கக்கூடிய துண்டுகள்) பிரிட்ஜ் பிளேட்டில் முட்டி உட்கார்ந்திருந்தன, இறக்க இடமே இல்லை. முதல் ஃப்ரெட்டில் கேப்போ (ஸ்ட்ரிங்குகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப்) போட்டு, கடைசி ஃப்ரெட்டை அழுத்திப் பிடித்து, நடுவில் பார்த்தால் ஸ்ட்ரிங்குக்கும் ஃப்ரெட்டுக்கும் இடைவெளி, அதாவது நெக்கின் வளைவு, 0.3 மி.மீ. அது சரியான அளவு. வளைவு சரி, நட்டும் (நெக்கின் தலைப்பக்கம் ஸ்ட்ரிங் உட்காரும் சின்னப் பட்டை) சரி, சாடிலும் அடியில் முட்டிவிட்டது, அப்படியும் ஸ்ட்ரிங் உயரம் என்றால் கோளாறு நெக் உட்கார்ந்திருக்கும் கோணத்தில்தான்.

இதைச் சொல்லித்தான் ரிப்பேர் கடையில் கொடுத்தேன். கடைக்காரர் கேட்டுக்கொண்டே ஆலன் கீயை எடுத்தார். "ட்ரஸ் ராடை நாலு திருகு திருகினா இறங்கிடும் தம்பி" என்றார். கையைப் பிடித்துத் தடுக்க வேண்டியிருந்தது. ட்ரஸ் ராட், அதாவது நெக்குக்குள் ஓடும் இரும்புக் கம்பி, நெக்கின் வளைவுக்கானது. ஆக்‌ஷனை இறக்க அதைத் திருகினால் நெக் பின்பக்கம் வளைந்து முதல் நான்கு ஃப்ரெட்டும் கரகரக்கும். அடுத்து "அப்போ நெக்கையே மாத்தணும்" என்றார். அப்புறம் மனம் இரங்கி ஷிம் வைக்க ஒப்புக்கொண்டார். நாளைக்கு வா, திங்கட்கிழமை வா, பையன் லீவு என்று இழுத்தடித்து ஒரு வழியாகக் கொடுத்தார். ஆக்‌ஷன் இறங்கியிருந்தது. எனக்கும் சந்தோஷம்தான்.

அது நிற்கவில்லை. சர்ச்சில் வாசித்துக்கொண்டிருக்கும்போது ஹெட்ஸ்டாக் (நெக்கின் தலைப்பகுதி) மைக் ஸ்டாண்டில் லேசாக உரசினால்கூட சுருதி இறங்கும். தானாகத் திரும்பி வராது. கொஞ்சம் கொஞ்சமாக ஆக்‌ஷனும் ஏறியது. பாடியை மடியில் வைத்துக்கொண்டு ஹெட்ஸ்டாக்கை மெல்ல அசைத்தால் அடியிலிருந்து 'க்ரிக்' என்று ஒரு சத்தம். நெக் பாடிக்குள் நுழைகிற விளிம்பில் ஒரு பில் தாளைச் செருகிப் பார்த்தேன். வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. அங்கே தாள் நுழையவே கூடாது. ஷிம் வைத்த நெக்கும் அந்த விளிம்பில் இறுக்கமாக முட்டித்தான் நிற்க வேண்டும்.

ஏன் அந்த இடம் முக்கியம் என்று சொல்லிவிடுகிறேன். நான்கு ஸ்ட்ரிங்கையும் சுருதிக்கு ஏற்றினால் மொத்த இழுவை ஏறத்தாழ 75 கிலோ. அது ஹெட்ஸ்டாக்கை முன்பக்கமாக இழுக்கிறது. நெக்கின் வால் முனை பாக்கெட்டுக்குள் (பாடியில் நெக் உட்காரும் பள்ளம்) அமுங்கும், விளிம்புப் பக்கம் மேலே எழும்பப் பார்க்கும். எழும்பாமல் பிடித்திருப்பவை ஹெட்ஸ்டாக் பக்கம் இருக்கிற இரண்டு ஸ்க்ரூக்கள். பிரிட்ஜ் பக்கத்து ஜோடி தளர்ந்தால்கூடக் கொஞ்ச நாள் ஓட்டலாம். முன் ஜோடி போனால் எந்த ஷிம்மும் நிற்காது.

பாடியின் பின்பக்கம் அந்த நான்கு ஸ்க்ரூவும் இருக்கிற பிளேட்டைக் கழற்றியதும் குட்டு வெளிப்பட்டது. மூன்று ஸ்க்ரூ பழையவை, வெள்ளை. முன் ஜோடியில் ஒன்று மட்டும் கருப்பு. ஃபால்ஸ் சீலிங்கில் ஜிப்சம் போர்டு அடிக்கப் பயன்படுத்துவார்களே, அதே ஸ்க்ரூ! கார்ட்லெஸ் டிரில்லால் ஏற்றியிருக்கிறார்கள். மேப்பிளில் ஓட்டை தேய்ந்துபோய், பழைய ஸ்க்ரூ பிடிக்காமல், கையில் கிடைத்ததைப் போட்டு மூடியிருக்கிறார்கள். பாக்கெட்டுக்குள் ஷிம் என்ற பெயரில் மடித்த உப்புக் காகிதம். அது வேறு நசுங்கி ஒரு பக்கமாக ஒதுங்கிக் கிடந்தது.

ஜிப்சம் ஸ்க்ரூவில் இரண்டு ஆபத்து. ஒன்று, அது உறுதியாகத் தெரிந்தாலும் வளையாமல் பட்டென்று முறியும். மேப்பிளுக்குள் முறிந்தால் எடுப்பது பெரும் பாடு. இன்னொன்று, கழுத்து வரைக்கும் மரை இருக்கும். பாடி ஓட்டையில் மரை கடிக்கக் கூடாது. ஸ்க்ரூ பாடிக்குள் சும்மா வழுக்கிப் போய், நெக்கில் மட்டும் கடித்து, பிளேட்டோடு சேர்த்து இழுக்க வேண்டும். இரண்டிலும் கடித்தால் நெக்குக்கும் பாடிக்கும் நடுவில் இருக்கிற இடைவெளி அப்படியே பூட்டிக்கொள்ளும். எவ்வளவு திருகினாலும் மூடாது. ஆனால் கைக்கு டைட் ஆனது போலவே இருக்கும்.

இதைச் சோதிப்பது சுலபம். நெக்கைக் கழற்றிவிட்டு ஸ்க்ரூக்களைப் பாடி ஓட்டையில் போடுங்கள். விரலால் தள்ளினால் உள்ளே போக வேண்டும். ஸ்க்ரூ டிரைவர் தேவைப்பட்டால் ஓட்டை சிறிது. என்னுடையதில் நான்குமே இறுக்கம், அதாவது தொழிற்சாலையிலிருந்து வந்தபோதே அப்படித்தான். எட்டாம் நம்பர் ஸ்க்ரூ சுமார் 4.2 மி.மீ. தடிமன், 4.5 மி.மீ. பிட்டால் பாடி ஓட்டைகளைப் பெரிதாக்கினேன். இந்த ஒரு வேலையிலேயே பாதி நோய் தீர்ந்தது.

அடுத்து ஸ்க்ரூ வாங்கிய கதை. வேண்டியது எட்டாம் நம்பர், 45 மி.மீ., தலை லேசாகக் குவிந்தது. பாரிமுனையில் ஏறி இறங்கிய கடைகளில் 38 இருக்கிறது, 50 இருக்கிறது, 45 இல்லை. ஒரு கடைக்காரர் "63 எடுத்துக்குங்க சார், நல்லா ஆழமாப் பிடிக்கும்" என்று பொட்டலமே கட்டிவிட்டார். கணக்குப் போட்டுப் பாருங்கள். பாடியில் பாக்கெட்டுக்குக் கீழே 28, 29 மி.மீ. மரம், பிளேட் ஒன்றரை. 45 மி.மீ. ஸ்க்ரூ நெக்குக்குள் போவது சுமார் 15 மி.மீ. ஃப்ரெட்போர்டோடு சேர்த்தே நெக்கின் அடிப்பகுதி 25 மி.மீ.தான். 63 போட்டால் ஸ்க்ரூ முனை 17-ஆவது ஃப்ரெட் பக்கத்தில் எட்டிப் பார்க்கும். கடைசியில் கிடார் உதிரிபாகம் விற்கும் ஆன்லைன் கடையில் நான்கு ஸ்க்ரூ வாங்கினேன். அதன் விலையைவிடக் கூரியர் அதிகம். வயிற்றெரிச்சல்தான், ஆனால் முதலிலேயே அங்கே வாங்கியிருந்தால் அலைச்சல் மிச்சம்.

தேய்ந்த ஓட்டைக்குத் தீக்குச்சியும் ஃபெவிகாலும் போடலாம் என்பார்கள். அவசரத்துக்குச் சரி. முன் ஜோடி ஓட்டையில் அதை நம்ப எனக்கு மனமில்லை. தெருவில் மரவேலை செய்யும் ஆசாரி அண்ணனிடம் நெக்கை மட்டும் கொண்டுபோனேன். தேக்குத் துண்டு வைக்கலாமா என்றேன். "அது எண்ணெய் மரம் தம்பி, பசை நம்பிக்கையா பிடிக்காது" என்று பீச் (beech) மரத் துண்டு ஒன்றை எடுத்தார். கடையில் விற்கிற உருண்டைக் குச்சியை அப்படியே அடித்துவிடுவார் என்று நினைத்தேன். அவர் செய்யவில்லை. அந்தக் குச்சியில் மர ரேகை நீளவாக்கில் ஓடும்; ஸ்க்ரூ ரேகையோடு போனால் பிடி குறைவு. துண்டின் பக்கவாட்டிலிருந்து ரேகை குறுக்கே வரும்படி ஒரு 8 மி.மீ. அடைப்பு வெட்டினார். நெக் ஓட்டையையும் 8 மி.மீ. ஆக்கி, பசை தடவி, ரேகையை நெக் ரேகைக்கு நேராகத் திருப்பி வைத்துத் தட்டினார். மறுநாள் 3.2 மி.மீ. பிட்டில் மாஸ்கிங் டேப் சுற்றி ஆழத்தைக் குறித்துக்கொண்டு, டிரில் ஸ்டாண்டில் வைத்து நேராக ஓட்டை போட்டுக் கொடுத்தார். கொடுத்த காசை எண்ணிக்கூடப் பார்க்கவில்லை.

ஷிம்மும் அவர் பட்டறையிலிருந்துதான். அரை மில்லி வெனியர் (மெல்லிய மரத் தகடு) இரண்டை ஒட்டி, ஒரு முனை 1 மி.மீ., மறுமுனை ஒன்றுமில்லாமல் சரியும்படி தேய்த்து, பாக்கெட் முழுக்க உட்காரும் அளவுக்கு வெட்டி, ஸ்க்ரூ ஓட்டைகளும் போட்டேன். கனமான முனை பிரிட்ஜ் பக்கம். திருப்பி வைத்தால் ஆக்‌ஷன் இன்னும் ஏறும். ஏன் 1 மி.மீ.? பாக்கெட் நீளம் 75 மி.மீ., விளிம்பிலிருந்து பிரிட்ஜுக்கு சுமார் 340. அதாவது நாலரை மடங்கு. ஷிம்மில் 1 மி.மீ. என்றால் பிரிட்ஜில் நாலரை, 12-ஆவது ஃப்ரெட்டில் அதில் பாதி. ஏடிஎம் கார்டின் கனம் 0.76 மி.மீ.; அதில் ஒரு கீற்று வெட்டி வைத்தாலும் ஆக்‌ஷன் இறங்கியிருக்கும், ஆனால் சாடிலை ஏற்றி இறக்க இவ்வளவு இடம் மிச்சம் இருந்திருக்காது. ஷிம் வைப்பதே மட்டமான வேலை என்று சிலர் முகம் சுளிப்பார்கள். ஃபெண்டர் கிடார் தொழிற்சாலையே 50, 60-களில் ஷிம் வைத்து அனுப்பியிருக்கிறது. எழுபதுகளில் பிளேட் வழியாக ஒரு சின்ன ஸ்க்ரூவைத் திருகிக் கோணத்தை மாற்றும் 'மைக்ரோ டில்ட்' கொண்டுவந்ததும் இதற்காகத்தான்.

மாட்டும்போது சில விஷயங்கள். ஸ்க்ரூ மரையில் மெழுகுவத்தியைத் தேயுங்கள். சோப்பு வேண்டாம், ஈரத்தை இழுத்துத் துருப்பிடிக்கும். பழைய ஓட்டையில் ஸ்க்ரூவை வைத்ததும் முதலில் இடப்பக்கமாகத் திருப்புங்கள்; 'டக்' என்று ஒரு இடத்தில் இறங்கும். பழைய மரை ஆரம்பிக்கும் இடம் அது. அங்கிருந்து வலப்பக்கம் திருகினால் புது மரை வெட்டாது. கை ஸ்க்ரூ டிரைவர் மட்டும்தான், குறுக்குக் குறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக. முழுக்க இறுக்குவதற்கு முன்னால் இரண்டு ஓரத்து ஸ்ட்ரிங்குகளான ஈ-யையும் ஜி-யையும் லேசாக ஏற்றி, இரண்டும் ஃப்ரெட்போர்டு ஓரத்திலிருந்து ஒரே தூரத்தில் ஓடுகிறதா என்று பாருங்கள். என்னுடையதில் ஜி ஸ்ட்ரிங் ஓரத்துக்குப் போயிருந்தது. நெக்கைப் பக்கவாட்டில் ஒரு தள்ளு தள்ளியதும் நேராகிவிட்டது. அப்புறம் ஸ்ட்ரிங்கைத் தளர்த்திவிட்டு இறுதி இறுக்கம்.

சுருதி ஏற்றி விளிம்பில் பில் தாளைச் செருகினேன். நுழையவில்லை. ஹெட்ஸ்டாக்கை அசைத்தால் சத்தமும் இல்லை. சாடிலை ஒன்றரை மில்லி ஏற்றிய பிறகு 12-ஆவது ஃப்ரெட்டில் இரண்டரை மி.மீ. மழை நாள், சர்ச் ஏசி எல்லாம் பார்த்தாகிவிட்டது, அசையவில்லை.

யாரும் சொல்லாத ஒன்று: கோணம் மாறிச் சாடிலையும் ஏற்றியதும் ஸ்ட்ரிங் பிக்கப்பை (ஸ்ட்ரிங்குக்கு அடியில் அதிர்வைப் பிடிக்கும் காந்தம்) விட்டு எழும்பலாம். முதல் ஞாயிறு ஆம்பில் சத்தம் குறைவாகக் கேட்டது. ஒயர் போச்சு என்று பதறிக் கழற்ற வேண்டாம், பிக்கப்பின் ஓரத்து ஸ்க்ரூக்களைத் திருகி அதையும் ஏற்றிவிடுங்கள். இன்டோனேஷனையும் (மேல் ஃப்ரெட்களிலும் சுருதி சரியாக நிற்பது) அப்போதே ஒரு முறை சரிபார்த்துக்கொள்ளலாம்.