அப்பாவோடு மெர்டேக்கா ஸ்டேடியம்

அடுத்த பள்ளி விடுமுறையில் அப்பாவை கோலாலம்பூர் மெர்டேக்கா ஸ்டேடியத்துக்குக் கூட்டிப்போகிறேன். சுங்கை சிப்புட்டில் இடிஎஸ் ரயில் ஏறி கேஎல் சென்ட்ரல், அங்கிருந்து மியூசியம் நெகாரா ஸ்டேஷனுக்கு நடந்து எம்ஆர்டி ரயில். இரண்டாவது நிறுத்தம் மெர்டேக்கா. திறந்திருக்குமா என்று போன் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் டிக்கெட்.

அப்பா ரப்பர் தோட்டத்து ஃபுட்பால் டீமில் கோல்கீப்பர். பால் வெட்டி முடித்து, கையில் ஒட்டுப்பால் நாற்றம் போகுமுன்னே திடலுக்கு ஓடியவர். 1957-இல் முதல் பிரதமர் துங்கு ஏழு முறை 'மெர்டேக்கா' (விடுதலை) என்று முழங்கிய இடம் என்றேன். தலையாட்டினார், அவ்வளவுதான். ஆனால் 1980 ஏப்ரல் 6 என்று சொல்லிப் பாருங்கள்! இதே ஸ்டேடியத்தில் மலேசியா தென் கொரியாவை 2-1 என்று சாய்த்து மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற ஆட்டம். தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயத்தில் ஒரே ரேடியோ. ஜேம்ஸ் வோங் கோல் போட்டதும் யாரோ குதித்ததில் தேத்தண்ணி வாளி கவிழ்ந்ததாம். கடைசியில் மலேசியா அந்த ஒலிம்பிக்கையே புறக்கணித்தது. அப்பாவுக்கு அந்த ஆற்றாமை இன்னும் தீரவில்லை.

"ஸ்பைடர்மேன் ஆறுமுகம் நின்ன கோல் கம்பத்துக்கிட்ட விடுவாங்களாடா?" என்கிறார். அன்றைய மலேசிய கோல்கீப்பர் அவர்.

முட்டி வலியோடு அப்பா படி ஏறுவாரா என்பதுதான் என் கவலை. அவருக்கு இல்லை. காலையில் பார்த்தால் கொடியில் அவருடைய பழைய மஞ்சள் ஜெர்சி காய்கிறது. தொப்பைக்குப் பத்தாது என்று யார் சொல்வது?